‘லால்’ மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஆடி அமாவாசைக்கு வழக்கம்போல் குடும்பத்தோடு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் போய்த் தங்கியிருந்தோம். இரண்டாம் நாள் ராத்திரி பெரியப்பாவுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது, கை நடுங்கியது, அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்டி பிடித்து மலையிறங்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்வரை மதினி அழுதுகொண்டே வந்தார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

விசாரித்தால், இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து தினமும் போட்டுவந்த மெட்டோபுரோலால் என்ற இதய மாத்திரையை நான்கு நாளைக்கு முன்னால் யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறார். கொரோனா சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டுகிற கருவி வீட்டில் இருக்கிறது. அதில் நாடித்துடிப்பு 54 என்று காட்டியிருக்கிறது. தெருக்காரர் ஒருவர் "நாடி விழுந்துட்டு வே, அந்த மாத்திரைய விடும்" என்று சொல்லியிருக்கிறார். "அதப் போட்டா அசதியாவும் இருந்துச்சு, அதான் விட்டுட்டேம்லே" என்றார் பெரியப்பா.

அந்த 54தான் மாத்திரை வேலை செய்வதற்கு அடையாளம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். இதயத்தை விரட்டுவது அட்ரினலின் என்ற ஹார்மோன். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுபோல அட்ரினலின் வந்து உட்காரும் இடத்தில் இந்த பீட்டா பிளாக்கர் மாத்திரை முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. துடிப்பு குறைகிறது, அடிக்கிற பலமும் குறைகிறது, அதனால் இதயத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறைகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் இருக்கும் ஓய்வில்தான் இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்களுக்கு ரத்தம் நன்றாகப் பாய்கிறது, அந்த ஓய்வும் நீளுகிறது. பிரஷரை ஏற்றுகிற ரெனின் என்ற பொருளைச் சிறுநீரகம் சுரப்பதும் இதனால் குறையும்.

நாள் கணக்கில் மாத்திரை போடும்போது, அட்ரினலின் சொல்வது காதில் விழவில்லையே என்று இதயம் அந்த இடங்களைக் கூட்டிக்கொண்டே போகிறது. இந்த நிலைமையில் மாத்திரையைச் சட்டென்று விட்டால், துண்டையெல்லாம் எடுத்த பஸ் மாதிரி, கூடுதல் இடம் அத்தனையிலும் அட்ரினலின் ஏறி உட்கார்ந்துவிடும். துடிப்பும் பிரஷரும் எகிறும், நெஞ்சுவலி வரும், ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்கு ஹார்ட் அட்டாக்கே வரலாம். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் டாக்டர் ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

அட்டினோலால், பைசோபுரோலால், புரோப்ரனலால், கார்விடிலால் என்று இந்த வகை மாத்திரைகளின் பெயர் பெரும்பாலும் ‘லால்’ என்றுதான் முடியும். ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1960களில் புரோப்ரனலாலைக் கொண்டுவந்தார், 1988இல் நோபல் பரிசும் வாங்கினார். இதயம் பலவீனமானவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 1999இல் வந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, சின்ன அளவில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டு போனால் அவர்களுக்கும் ஆயுளை நீட்டுகிறது என்று தெரிந்தது. அப்பேர்ப்பட்ட மருந்தைத் தெருப்பேச்சில் விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

தொந்தரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அசதி வரும், கை கால் சில்லிடும், சிலருக்குக் கெட்ட கனவு வரும். மூச்சிழுப்பு (ஆஸ்துமா) இருப்பவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துக்கும் இது பொருந்தும். சுகர் மருந்து எடுப்பவர்களுக்குச் சுகர் இறங்கும்போது வருகிற படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், ஆனால் வியர்வை வரும், அதைக் கவனிக்க வேண்டும். துடிப்பு 50க்குக் கீழே போனாலோ, தலை சுற்றினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவந்து தரும் அக்காமார்களையும், மெடிக்கல் கடைக்காரர்களையும், டாக்டர்களையும் நான் கேட்பது ஒன்றுதான். கவரில் காலை, இரவு என்று எழுதும்போது, "டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது" என்று தமிழில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். கோவில் கொடைக்கோ வெளியூருக்கோ போகிறவர்கள் பத்து நாள் மாத்திரையைக் கூடுதலாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் மாத்திரை டப்பா மூடியில் அந்த வரியை நானே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லிடைக்குறிச்சி.