நாலாவது முறையாக எழுதுகிறேன்: 150-600 லென்ஸின் ஃபோகஸ் கோளாறு

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மேலூரிலிருந்து எழுதுகிறேன். மூன்று மெயில் போட்டாயிற்று. மூன்றுக்கும் 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்ற ஒரே பதில்தான். ஜூம் 500 மி.மீ.-ஐத் தாண்டினால் இந்த கேமரா லென்ஸ் என்ன செய்யும் என்று அதைச் செய்தவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, எதிலும் நிற்பதில்லை.

ஏப்ரல் முதல் வாரம் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போனேன். வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். திறந்ததும் போனால்தான் சின்னக் குட்டிகள் கிடைக்கும். ஒரு காதுகுத்து போட்டோ ஆர்டரை விட்டுவிட்டு, நடுராத்திரியில் வண்டியை எடுத்து, உசிலம்பட்டி, தேனி, போடிமெட்டு வழியாக மூணாறு ஏறி, வனத்துறை பஸ்ஸில் பூங்காவுக்குள் ராஜமலையில் இறங்கினேன். நல்ல வெயில். சரிவில் தாயும் இரண்டு குட்டிகளும். ஃபோகஸ் தேடும் தூரத்தைக் குறைக்கும் லிமிட்டரைப் போட்டேன், கை ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணைத்தேன், ஃபோகஸுக்கு நடுப்புள்ளியை மட்டும் வைத்தேன். ம்ஹும். பாறைக்குப் பாறை தாவுகிற குட்டியை 600-ல் கையால் திருகி எங்கே பிடிப்பது? 412 படத்தில் இரண்டுதான் பளிச்சென்று இருக்கின்றன. இரண்டிலும் புல்.

இதை மதுரையில் உங்கள் சர்வீஸ் சென்டரில் சொன்னேன். கவுண்டரில் இருந்த தம்பி செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆடுதானே சார், அடுத்த வருஷம் போய் எடுங்க" என்றார்.

ஆடுதானா? தமிழ்நாட்டின் மாநில விலங்கு ஐயா அது! அதைக் காப்பாற்ற அரசு 2022-இல் 25 கோடி ரூபாயில் தனித் திட்டமே அறிவித்தது. உங்கள் கவுண்டரில் அது ஆடு. அடுத்த வருடம் போனால் அந்தக் குட்டி குட்டியாகவா இருக்கும்? என் வாழ்நாளின் படம் போய்விட்டது.

அதற்கு அப்புறம் லென்ஸை சென்னைக்கு அனுப்பினார்கள். 26 நாள் கழித்து 'குறை எதுவும் இல்லை' என்று ஒரு சீட்டோடு திரும்பி வந்தது. பிறகு போனில், "கேமராவையும் சேர்த்துக் கொண்டு வாங்க" என்றார்கள். மாட்டுத்தாவணியில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி, வேகாத வெயிலில் போய் நின்றால் டெக்னீசியன் லீவாம். அதே தம்பிதான் சொன்னார். லென்ஸ் கேமராவோடு சேரும் இடத்திலுள்ள உலோகக் காண்டாக்டைத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொன்னார். துடைத்துத் துடைத்துத் தேய்ந்துவிட்டது. மலைப்பனியில் எந்த லென்ஸும் இப்படித்தான் என்றும் சொன்னார். சரி, எங்கள் ஊர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் என்ன பனி? அங்கே லகர் வல்லூறு பாறையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேலும் ஃபோகஸ் நிற்கவில்லை.

உங்கள் கம்பெனிமேல் மரியாதை வைத்திருப்பவன் நான். தயவுசெய்து வேறு லென்ஸ் கொடுங்கள், அல்லது 1,08,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். போக்குவரத்துச் செலவும் காதுகுத்துப் பணமும் தனி. 15 நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுவேன், மதுரை நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அந்த அளவுக்கு விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: சென்னையிலிருந்து லென்ஸ் மட்டும்தான் வந்தது. முன்மூடி வரவில்லை. அதையும் அனுப்பி வைக்கவும்.