சும்மா கிடைச்ச பொருளெண்டா சொல்லிப்போட்டு ரிவியூ செய்யட்டும்: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகார சபைத் தலைவருக்கும், யாழ்ப்பாணக் கச்சேரியில இருந்து வேலை செய்யிற உங்கட உத்தியோகத்தர்மாருக்கும் வணக்கம்.

யூடியூப்பிலயும் டிக்டொக்கிலயும் எங்கட பெடியள் பொருட்களுக்கு ரிவியூ போடுறதும், அந்தப் பொருளைக் கடைக்காரர் சும்மா குடுக்கிறதும், சில பேருக்கு அதுக்கு மேலால காசும் குடுக்கிறதும் உங்களுக்குத் தெரியாத விசயமில்லை. நான் கேக்கிறது ஒண்டுதான். சும்மா வாங்கின பொருளெண்டா, "இது எனக்குச் சும்மா தந்தது" எண்டு வீடியோ தொடங்கேக்கயே வாயால, தமிழில சொல்லோணும் எண்டு ஒரு விதி கொண்டுவாங்கோ.

ஏன் இப்ப எழுதிறன் எண்டா, என்ர அக்கா வீட்டில நடந்ததுதான். அக்கா இருக்கிறது வலிகாமத்தில. அங்கத்தைய கிணத்துத் தண்ணி தெரியும்தானே, சுண்ணாம்புக்கல் நிலம், கேத்தில் முழுக்க வெள்ளையாப் படியும், அதோட தோட்டத்துப் பசளையும் மலகூடக் குழியளும் சேர்ந்து நைத்திரேற்று வேற. சுன்னாகத்தில கிணறுகளுக்குள்ள எண்ணெய் வந்த காலத்தில இருந்து எங்கட சனத்துக்குத் தண்ணியெண்டா ஒரு பயம் இருக்கு, அந்தப் பயத்தை வைச்சுத்தான் ஃபில்டர் விக்கினம். அக்காவின்ர மகளுக்குக் குழந்தை பிறந்து, தாய்க்குச் சுகமில்லாமல் பால்மா கரைச்சுக் குடுக்கவேண்டி வந்திட்டுது. எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன் தன்ர குசினியில ஒரு ஃபில்டரைப் பூட்டி, "கல்சியம், நைத்திரேற்று எல்லாத்தையும் எடுத்திடும், நான் என்ர பிள்ளைக்கே இதைத்தான் குடுக்கிறன்" எண்டு வீடியோ போட்டிருந்தான். அக்கா அதை நம்பிக் காப்புச் சோடியை அடகு வைச்சு அதையே வாங்கினா. பூட்ட வந்த ஆள்தான் கதையோட கதையாச் சொன்னது, அந்தத் தம்பிக்கும் நாங்கள்தான் சும்மா பூட்டிக் குடுத்தனாங்கள், வீடியோவுக்குக் காசும் குடுத்தது எண்டு.

பிறகு குடும்பநல மாது சொல்லி, ஃபில்டரில இருந்து வாற தண்ணியைப் பரிசோதனைக்குக் குடுத்துப் பார்த்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லுற லீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவுக்கு மேல நைத்திரேற்று அப்பிடியே நிக்குது. அதுக்குள்ள கிடந்தது வெறும் கரி ஃபில்டர். கரி மணத்தையும் குளோரினையும் எடுக்கும், நைத்திரேற்றையும் கல்சியத்தையும் எடுக்காது, அதுக்கு மெல்லிய சவ்வுக்குள்ளால தண்ணியை அழுத்தி வடிக்கிற ஆர்ஓ மெசின் மாதிரி ஒண்டு வேணும், கொதிக்க வைச்சாலும் நைத்திரேற்று போகாது, தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது இரத்தத்தில ஒட்சிசன் போறதையே தடுக்கலாம். கடவுளே எண்டு பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்ல. ஆனா அக்கா இப்ப காப்புக்கு வட்டியும் கட்டி, பிள்ளைக்குப் போத்தல் தண்ணியும் வாங்கிறா.

கடைக்குப் போனம். "நாங்கள் அப்பிடி ஒரு இடத்திலயும் எழுதேல்லயே, அது வீடியோவில அவர் சொன்னது" எண்டினம். அந்தத் தம்பியைக் கேட்டால் "நான் வியாபாரி இல்லை அண்ணை, என்ர அனுபவத்தைச் சொன்னனான்" எண்டுறான். உங்கட அதிகார சபைக்கான 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில 30 ஆம் பிரிவு வியாபாரி பாவனையாளரைப் பிழையா வழிநடத்தக் கூடாது எண்டு சொல்லுது. சரி, வியாபாரி வாயே திறக்காமல் இன்னொருத்தற்ர வாயால சொல்லுவிச்சால் ஆரைப் பிடிக்கிறது? 500 மில்லிலீற்றர் தண்ணிப் போத்தலை 70 ரூபாக்கு மேல வித்தால் பிடிக்கிறீங்கள், அதுக்கு உண்மையா நன்றி. இதையும் பிடியுங்கோ எண்டுதான் கேக்கிறம்.

இது உலகத்தில இல்லாத விதியில்லை. அமெரிக்காவில 2009 இலயே வர்த்தக ஆணைக்குழு தன்ர வழிகாட்டியைத் திருத்தி, சும்மா பொருள் வாங்கி எழுதிறவையும் அதை வெளியில சொல்லோணும் எண்டு வைச்சிட்டுது. பிறகு குடுத்த விளக்கத்தில, வீடியோவெண்டால் வீடியோவுக்குள்ளயே, பேசுற அதே மொழியில சொல்லோணும் எண்டும் சொல்லிச்சுது. பக்கத்தில இந்தியாவில 2023 ஜனவரியில வந்த வழிகாட்டியிலயும் சும்மா குடுத்த பொருள், ஹோட்டல் தங்கல், பயணம் எல்லாத்தையும் சொல்லோணும் எண்டு கிடக்கு, பொய் விளம்பரத்துக்கு முகம் குடுக்கிற ஆளுக்கே 10 லட்சம் இந்திய ரூபா வரைக்கும் தண்டம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரைக்கும். எங்கட ஆக்களில சில பேர் வீடியோவுக்குக் கீழ, விரிச்சுப் பார்த்தாத்தான் தெரியிற இடத்தில இங்கிலிசில ஒரு ஹாஷ்டாக்கைப் போட்டிட்டுப் போகினம். என்ர அக்காவுக்கு அது எப்பிடி விளங்கும்?

சும்மா வாங்கக் கூடாது எண்டு நான் சொல்லேல்ல. சின்னப் பெடியளிட்ட எல்லாத்தையும் காசு குடுத்து வாங்கிப் பார்க்க வசதியில்லை, அது நியாயம். வாங்கட்டும், சொல்லட்டும். சொன்னால் கேக்கிறவன் அதுக்கேத்த மாதிரி யோசிப்பான். சொல்லாமல் விட்டால், ஊர்ப் பிள்ளை பொய் சொல்லான் எண்ட நம்பிக்கைதான் விலைபோகுது. ஃபில்டரோட நிக்கிற கதையுமில்லை இது. முகத்துக்குப் பூசுற கிறீம், சீனி வருத்தத்துக்குத் தூள், வெளிநாடு அனுப்புற ஏஜென்சி எண்டு எல்லாம் இதே வழியாலதான் வருது. கனடாவில இருக்கிற பிள்ளை அங்க இருந்து வீடியோவைப் பார்த்திட்டு "அம்மா இதை வாங்குங்கோ" எண்டு காசு அனுப்புது. வெயிலுக்க நிண்டு வெங்காயம் நட்ட காசும் இதுக்குத்தான் போகுது. இதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு காலம் பேசாமல் இருக்கிறது?

கோவத்தில கொஞ்சம் கூட எழுதிப்போட்டன், குறை நினையாதேங்கோ. உங்களைப் பணிவாக் கேக்கிறன், சும்மா கிடைச்சதெண்டால் தொடக்கத்திலயே தமிழில சொல்லோணும், சொல்லாட்டில் பொருள் குடுத்த கடைக்கும் பொறுப்பு, பேசின ஆளுக்கும் பொறுப்பு எண்டு விதி செய்யுங்கோ. இருக்கிற சட்டத்துக்குள்ள ஏலுமோ, திருத்தோணுமோ எண்டதை உங்கட சட்ட உத்தியோகத்தர்மார் பார்க்கட்டும். அது வரைக்கும், வியாபாரிகளுக்குப் பணிப்புரை குடுக்கிற அதிகாரம் அதே சட்டத்தின்ர 10 ஆம் பிரிவில உங்களுக்கு இருக்கு, அதுக்குள்ள ஏலுமான அளவுக்கு யாழ்ப்பாணத்துக் கடைகளுக்குத் தமிழில ஒரு அறிவித்தலாவது அனுப்பிவிடுங்கோ. உங்கட 1977 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு இப்பிடியான முறைப்பாடு வந்தால் எடுக்கிறதோ எண்டதையும் சனத்துக்குத் தெரியப்படுத்துங்கோ.

நன்றி.

வலிகாமத்தில இருந்து ஒரு பாவனையாளர்