வராம போன வாலண்டியர்கிட்ட யாராவது கேட்டீங்களா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல தன்னார்வலர்கள் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். ஆளே கிடைக்க மாட்டேங்கறாங்க, வந்தாலும் ரெண்டு மாசத்துல காணாம போயிடறாங்க, இப்போ இருக்கற பசங்களுக்கு பொறுமையே இல்லன்னு அதுல பேசின நிர்வாகிங்க எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே பாட்ட பாடியிருந்தாங்க. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு, ஏன்னா பத்து வருஷம் முன்னாடி நானும் அப்படி காணாம போன ஆள்தான், இப்போ ஆறு வருஷமா வேற ஒரு அமைப்புல வாலண்டியர் கோஆர்டினேட்டரா இருக்கேன், அதனால ரெண்டு பக்கத்து வண்டவாளமும் தெரியும். அத்தனை பேர்கிட்ட கருத்து கேட்டவங்க, விட்டுட்டுப் போன ஒரே ஒரு ஆள்கிட்ட கூட கேக்கலயே. உங்கள மட்டும் குறை சொல்லி பிரயோஜனமில்ல, அமைப்புகளே அத கேக்கறதில்ல.

என் கதைய சொல்லிடறேன். அப்போ ஒரு இடத்துல சனிக்கிழமை சாயங்காலம் பசங்களுக்கு கணக்கு சொல்லிக்குடுக்கப் போவேன். சேர்ந்தப்ப செம ஆர்வம். மூணாவது வாரம் ரூம மாத்திட்டாங்க, யாரும் சொல்லல, பழைய ரூம் வாசல்ல முக்கா மணி நேரம் நின்னேன். இன்னொரு வாரம் பசங்களுக்கு லீவு, அதுவும் போய் நின்னப்புறம்தான் தெரிஞ்சுது, சரி வந்தது வந்துட்டீங்க இந்த நாற்காலியெல்லாம் அடுக்கிடுங்கன்னாங்க. அடுக்கினேன். ஆறு மாசம் கழிச்சு கருத்து கேட்டு ஒரு ஃபார்ம் வந்துச்சு, மொத்தம் 32 கேள்வி. கடைசி பாக்ஸ்ல மனசுல இருந்தத எல்லாம் உக்காந்து பொறுமையா டைப் பண்ணி அனுப்பினேன். ஒரு வரி பதில் இல்ல. அடுத்த வருஷம் அதே ஃபார்ம், அதே 32 கேள்வி, மேல இருந்த பழைய தேதிய கூட மாத்தல. அன்னிக்கு விட்டுப்போச்சு. சண்டையும் போடல, போறேன்னும் சொல்லல, சும்மா போறத நிறுத்திட்டேன். யாரும் போன் பண்ணல. நாலு மாசம் கழிச்சு நாமெல்லாம் ஒரே குடும்பம்னு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு பாருங்க, அப்பதான் குரூப்ல இருந்தும் வெளிய வந்தேன்.

கேட்டுட்டு கண்டுக்காம விடறதுக்கு அவங்க கேக்காமலே இருந்திருக்கலாம்.

சரி, இவ்வளவு பேசறவன் கோஆர்டினேட்டர் ஆனதும் முதல் வருஷம் என்ன பண்ணேன்னு நினைக்கறீங்க? ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினேன். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடற ஃபார்ம்தான். ரென்சிஸ் லிக்கர்ட்னு ஒருத்தர் 1932ல கொண்டு வந்த முறை, இன்னிக்கும் அதத்தான் எல்லாரும் தட்டி விடறோம். வந்த பதில்ல பாதிக்கு மேல நாலு, மீதி அஞ்சு. மீட்டிங்ல காட்டி எல்லாரும் கைதட்டினோம். அதே மாசம் மூணு பேர் நின்னுட்டாங்க. அப்புறம்தான் உறைச்சுது, ஃபார்ம நிரப்பினவங்க எல்லாம் இருக்கறவங்க, கடுப்பானவன் லிங்க்கையே தொறந்திருக்க மாட்டான். அதுலயும் நான் கேட்ட கேள்விங்க இருக்கே, பயிற்சியும் வழிகாட்டுதலும் திருப்தியான்னு ஒரே கேள்வில ரெண்டையும் போட்டு வச்சிருந்தேன், பயிற்சி நல்லா இருந்து வழிகாட்ட ஆளே இல்லாதவங்க அதுல எத டிக் பண்ணுவாங்க? பேர் போட வேணாம்னு வேற பெருமையா எழுதியிருந்தேன். நாலு பேர் இருக்கற டீம்ல, காலை ஷிஃப்ட்ல வர்றவங்கன்னு ஒரு வரி இருந்தாலே யாருன்னு தெரிஞ்சுடும், அது அவங்களுக்கும் தெரியும்.

இப்போ முதல் நாள் முடிஞ்சு ரெண்டு மூணு நாளைக்குள்ள போன் பண்றோம். எப்படி இருந்துச்சுன்னு கேட்டா நல்லா இருந்துச்சுன்னுதான் வரும், மரியாதைக்காகவாவது அப்படித்தான் சொல்லுவாங்க. அதனால கேள்விய மாத்திட்டோம், அன்னிக்கு எந்த நேரம் வீணா போன மாதிரி இருந்துச்சுன்னு கேக்கறோம். இதுக்கு நல்லா இருந்துச்சுன்னு பதில் சொல்ல முடியாதுல்ல, கொஞ்சம் யோசிச்சு ஏதாவது ஒண்ணு சொல்லுவாங்க, பெரும்பாலும் நமக்கு உடனே சரி பண்ண முடிஞ்ச சின்ன விஷயமாத்தான் இருக்கும். யாருகிட்ட போய் நிக்கணும்னு தெரியல, பேர் கூட யாரும் கேக்கல, அந்த மாதிரி. பேசறது அந்த டீமோட லீடரா இருக்கக் கூடாதுங்கறதுல மட்டும் கறாரா இருக்கோம், ஏன்னா பிரச்சனையே அவரா இருந்தா யார்கிட்ட சொல்றது, சில தடவை அந்த பிரச்சனை நானாவும் இருந்திருக்கேன்.

சேரும்போதே எதுக்கு வந்தீங்கன்னும் கேட்டு எழுதி வச்சுக்கறோம். கில் கிளாரி, மார்க் ஸ்னைடர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் தங்க குழுவோட சேர்ந்து 1998ல இதப்பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஜனங்க தன்னார்வமா வர்றதுக்கு ஆறு வகை காரணம் பிரிச்சு சொன்னாங்க. அடுத்தவங்களுக்கு உதவணும்ங்கற எண்ணம், புதுசா கத்துக்கறது, ஃபிரண்ட்ஸ் வர்றாங்கன்னு வர்றது, வேலைக்கு உதவும்னு வர்றது, சொந்தக் கவலைய மறக்க வர்றது, தன் மேலயே ஒரு நல்ல எண்ணம் வர்றது. எதுக்கு வந்தாங்களோ அது கிடைச்சவங்க திருப்தியா இருக்காங்க, தொடரணும்னும் நினைக்கறாங்கன்னு அதுல பார்த்திருக்காங்க. எங்க இடத்துலயே பாருங்க, வேலை தேடிட்டு இருந்த ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் பழகத்தான் வந்துச்சு, நாங்க எட்டு மாசம் வாசல்ல வரவேற்பு பண்ண நிக்க வச்சிருந்தோம். நல்லா சிரிச்ச முகம்னு காரணம் வேற.

வருகைப் பதிவேடு இருக்கே, அதவிட நேர்மையான ஃபீட்பேக் கிடையாதுன்னு இப்போ தோணுது. வாரா வாரம் வந்தவர் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வர ஆரம்பிப்பார், அப்புறம் கடைசி நேரத்துல முடியலன்னு மெசேஜ் வரும், அப்புறம் மெசேஜும் வராது. இது எல்லாமே நோட்டுல எழுதி இருக்கு, நாமதான் எண்ணிக்கைக்காக மட்டும் அத பார்க்கறோம். ரெண்டு தடவை தொடர்ந்து வரலன்னா நாங்க கூப்பிடறோம். ஏன் வரலன்னு ஆரம்பிக்கறதில்ல, அது ஸ்கூல் வாத்தியார் கேக்கற மாதிரி இருக்கும், எங்க பக்கம் ஏதாவது சரியில்லயான்னு கேப்போம்.

போன வருஷம் ஒரு காரியம் பண்ணோம், முந்தின மூணு வருஷத்துல நின்னு போனவங்க லிஸ்ட்ட எடுத்து ஒவ்வொருத்தரா போன் போட்டோம். திட்டுவாங்கன்னு பயந்துட்டேதான் பண்ணேன். திட்டினவங்க ரொம்ப கம்மி. நிறைய பேருக்கு காரணம் வாழ்க்கைதான், பரீட்சை, புது வேலை, குழந்தை, வீடு மாறினது. அதுல நாம பண்ண ஒண்ணும் இல்ல. சில பேர் ஷிஃப்ட் லிஸ்ட் முந்தின நாள் ராத்திரி வருது, எப்படி பிளான் பண்றதுன்னாங்க. ஆனா என்னால மறக்க முடியாதது ஒரு அம்மா சொன்னதுதான். அவங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாம மூணு வாரம் வர முடியல, சொல்லவும் தோணல, அப்புறம் எல்லாம் சரியானதும் திரும்பி வர வெக்கமா இருந்துச்சாம். இத்தனை நாள் சொல்லாம கொள்ளாம இருந்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது, யாராவது ஒரு போன் பண்ணா அத சாக்கா வச்சு வந்துடலாம்னு இருந்தேன் தம்பின்னாங்க. ரெண்டு வருஷமா அந்த போனுக்கு காத்துட்டு இருந்திருக்காங்க. நாங்க அந்தப் பக்கம் அவங்களுக்கு ஆர்வம் போயிடுச்சுன்னு முடிவு கட்டி லிஸ்ட்ல இருந்து அடிச்சு வச்சிருந்தோம். அடுத்த வாரமே வந்துட்டாங்க. இதே மாதிரி வெக்கத்துல நின்னவங்க அந்த லிஸ்ட்ல அவங்க மட்டும் இல்ல.

கேட்டதுக்கு பதில் சொல்றது பத்தியும் ஒண்ணு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு தாள் ஒட்டறோம், நீங்க என்ன சொன்னீங்க, என்ன மாத்தினோம், எத மாத்த முடியாது, ஏன். ஷிஃப்ட் லிஸ்ட் இப்போ ரெண்டு வாரம் முன்னாடியே போகுது. பசங்களோட வேலை செய்யறவங்க பின்னணிய விசாரிக்கறது அவமானமா இருக்குன்னு சில பேர் சொன்னாங்க, அத விட முடியாது, பசங்க பாதுகாப்பு அதுல இருக்குன்னு வெளிப்படையா எழுதினோம். கோவிச்சுக்கிட்டு யாரும் போகல. மீட்டிங் ஜாஸ்தின்னு பழைய ஆளுங்க, எங்கள ஒரு மீட்டிங்குக்கும் கூப்பிடறதில்லன்னு புது ஆளுங்க, இந்த பஞ்சாயத்துக்கு மட்டும் இன்னும் வழி தெரியல.

எல்லாரையும் பிடிச்சு வச்சுக்கணும்னும் நான் சொல்லல. மூணு மாசம்தான் முடியும்னு சொல்லி வந்து மூணு மாசம் ஒழுங்கா செஞ்சவர் போனா நல்லா வழியனுப்பணும், அவரையும் விட்டுப்போன கணக்குல சேர்த்து ஒப்பாரி வைக்கறது தப்பு. குற்ற உணர்ச்சில மாட்டிக்கிட்டு வருஷக்கணக்கா வந்துட்டு இருக்கறவங்களும் இருக்காங்க, ரிப்போர்ட்ல அவங்கதான் அழகா தெரிவாங்க.

ஐநா சபை 1985ல அறிவிச்சதுல இருந்து டிசம்பர் 5 சர்வதேச தன்னார்வலர் தினம், 2026 முழுசையுமே நிலையான வளர்ச்சிக்கான தன்னார்வலர் ஆண்டுன்னும் அறிவிச்சிருக்காங்க. சான்றிதழ், சால்வை, குரூப் ஃபோட்டோ எல்லாம் வரும், உங்க பேப்பர்லயும் போடுவீங்க, போடுங்க. கூடவே விட்டுட்டுப் போனவங்க நாலஞ்சு பேர்கிட்டயும் பேசி ஒரு கட்டுரை போடுங்க ஐயா, பேர் போட வேணாம், அமைப்பு பேரும் வேணாம். எங்க லிஸ்ட்லயே பேசத் தயாரா இருக்கறவங்க இருக்காங்க, அவங்கள கேட்டுட்டு நம்பர் தர்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாலண்டியர் கோஆர்டினேட்டர்