தோற்றவர் சொன்னால்தான் கேட்பார்கள்

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

போனில் நீ சொன்ன ஒரு வரி மனதை விட்டுப் போகவில்லை. "தேர்தலில் தோற்றவன் நாலு நாள் கத்துவான், அப்புறம் ஜனங்கள் மறந்துவிடுவார்கள்" என்றாய். எங்கே மறக்கிறார்கள்?

அமெரிக்காவில் 2020 அதிபர் தேர்தலில், மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள் பைடனுக்கு 306, டிரம்புக்கு 232. அதிபர் யார் என்று முடிவு செய்வது அவைதான். மக்கள் வாக்கில் ஏறக்குறைய 70 லட்சம் வித்தியாசம். மோசடி என்று சொல்லி டிரம்ப் தரப்பு முடிவை எதிர்த்துப் போட்ட அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் அநேகமாக எல்லாமே தோற்றன. ஜார்ஜியா மாநிலத்தில் அத்தனை வாக்குச்சீட்டையும் கையால் மறுபடி எண்ணினார்கள். அங்கே தேர்தலுக்குப் பொறுப்பானவரும் டிரம்பின் கட்சிக்காரர்தான். டிரம்பே நியமித்த அட்டர்னி ஜெனரல் (நீதித் துறைத் தலைவர்) வில்லியம் பார், முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதுவும் தென்படவில்லை என்றார். இவ்வளவுக்குப் பிறகும், தேர்தல் ஒழுங்காக நடந்தது என்று சொன்ன டிரம்ப் வாக்காளர்கள் 21 சதவீதம்தான். பியூ ஆய்வு மையத்தின் கணக்கு இது. 2024இல் அவர் ஜெயித்தார். உடனே அது 93!

நம்ம கணக்குப் புலி இருந்தால் "ரெண்டு பக்கமும் அப்படித்தான்" என்பான். அவன் சொன்னால் நீ எதற்குத்தான் தலையாட்டவில்லை! கொஞ்சம் உண்மைதான், ஜனநாயகக் கட்சி வாக்காளர்களிடம் 94 ஆக இருந்தது 84 ஆக இறங்கியது. ஆனால் அதோடு நின்றது. அந்தக் கட்சி சார்பில் நின்ற கமலா ஹாரிஸ் மறுநாளே தோல்வியை ஒப்புக்கொண்டார். அதற்கும் இதில் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

வழக்கே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவியில் 2019 அதிபர் தேர்தலின் முடிவுத்தாள்களில் வெள்ளை மை பூசி எண்களைத் திருத்தியிருந்தார்கள். தோற்றவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2020 பிப்ரவரியில் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஜூனில் நடந்த மறுதேர்தலில், வழக்குப் போட்டவர்களில் ஒருவரான சக்வேராவே ஜெயித்தார். அவர் பேசாமல் போயிருந்தால் அந்த மக்களுக்கு அநியாயம் நடந்திருக்கும். அமெரிக்காவில் 2000 அதிபர் தேர்தலில் தோற்ற அல் கோரைப் பார். முடிவைத் தீர்மானித்த ஃபுளோரிடா மாநிலம் 537 வாக்கில் கைவிட்டுப் போனது. மறு எண்ணிக்கைக்காகக் கடைசி வரை போராடினார், உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. தீர்ப்பில் உடன்பாடில்லை, ஆனாலும் ஏற்கிறேன் என்று மறுநாள் நாட்டுக்கே சொன்னார். அந்தப் பேச்சு அவர் வாயிலிருந்து வந்ததால்தான் அவருடைய ஆட்கள் கேட்டார்கள். நீதிபதி சொன்னாலும் பத்திரிகை சொன்னாலும் சந்தேகப்படுகிறவன், தன் தலைவன் "தோற்றுவிட்டோம்" என்றால்தான் நம்புவான். அதைச் சொல்லும் கடமையை வேறு யாரும் செய்ய முடியாது மாப்ள.

2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் புகுந்த டிரம்ப் ஆதரவாளர்களில் பலர் தங்கள் வாக்கு திருடப்பட்டதாக நிஜமாகவே நம்பியவர்கள். பின்னால் மன்னிப்பு கிடைத்தது, சரி. அதற்குள் எத்தனை பேர் சிறையில் கிடந்தார்கள், எத்தனை குடும்பம் அலைந்தது! அவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

கணக்குப் புலிக்கும் இதைப் படித்துக் காட்டு. மலாவிக்கு அவன் என்ன பதில் சொல்கிறான் என்று எழுது.

அன்புடன்,
உன் மாப்ள