டிஎன் 43 வண்டிக்காரங்க ஊட்டி பார்த்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

உங்க கோடை இதழ்ல ரெண்டே நாள்ல ஊட்டி முழுக்க பாத்துடலாம்னு போட்டிருந்தீங்க, அதை நான் ஜூன் கடைசியிலதான் படிச்சேன், ஏன்னா ஏப்ரல் மே ரெண்டு மாசமும் எங்களுக்கு பேப்பர் படிக்க ஏது நேரம். கமர்ஷியல் ரோடு பக்கம் சின்னதா ஒரு கடை, தைலம், டீத்தூள், வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட் விக்கிறோம். படிச்சிட்டு சிரிப்புதான் வந்துச்சு. நான் பொறந்ததே காந்தல்ல, வயசு 44 ஆச்சு, நீங்க போட்ட லிஸ்ட்ல பாதி இடம் நான் பாத்ததே இல்லைங்க!

சீசன்ல எங்க நிலைமை உங்களுக்கு தெரியாது. கடையில இருந்து வீட்டுக்கு நடந்தாலே அரை மணிதான், ஆனா மே மாசம் பிளவர் ஷோ சமயத்துல பஸ்ல ஏறினா சேரிங் கிராஸ் தாண்டவே முக்கால் மணி ஆகும், அதனால உள்ளூர்க்காரங்க யாரும் தேவையில்லாம வெளிய தலை காட்ட மாட்டாங்க. கல்யாணம் காட்சின்னா கூட மே மாசம் வேண்டாம்னு தள்ளி வைக்கிற வீடுங்க உண்டு. 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும்னு கோர்ட் சொன்னதுல இருந்து எங்க சொந்தக்காரங்க எல்லாம் "உங்களுக்கு என்னப்பா, டிஎன் 43, நீலகிரி நம்பர் வண்டி, பாஸே வேணாம், ஜாலியா சுத்தலாம்"னு கிண்டல் பண்றாங்க. எங்க சுத்தறது, கடையை யாரு பாக்குறது.

இந்த வருஷம் மதுரையில இருந்து வந்த என் நாத்தனார் பையன் ஸ்டீபன்ஸ் சர்ச் உள்ள என்ன அத்தை இருக்குன்னு கேட்டான். எங்கப்பா அங்க பெயிண்ட் அடிக்கவே போயிருக்காரு, நான் வாசல்ல இருந்து பஸ் ஏறினதோட சரி. பதில் சொல்ல முடியல. அப்பவே என் பொண்ணு சொல்லிட்டா, சீசன் முடியட்டும் நாம போலாம்னு.

ஜூன்ல சாரல் புடிச்சிருச்சு, கடைக்கு ஈ காக்கா வரல. புதன்கிழமை மதியத்துக்கு மேல ஷட்டரை இறக்கிட்டு மூணு பேரும் குடையோட கிளம்பினோம். முதல்ல சர்ச். 1830ல பிரதிஷ்டை பண்ணினதாம், உள்ள பெரிய பெரிய மரத்தூணும் உத்தரமும் ஸ்ரீரங்கப்பட்டணம் திப்பு சுல்தான் அரண்மனையில இருந்து மலை மேல கொண்டு வந்ததாம். இப்ப மாதிரி ரோடா லாரியா அப்ப, எப்படித்தான் ஏத்தினாங்களோ. பின்னாடி கல்லறைத் தோட்டத்துல அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவனோட மனைவியும் பொண்ணும் இருக்காங்க. ஏரி வெட்டினவரு, இங்க முதல் பங்களா கட்டினவருன்னு ஸ்கூல்ல ரெண்டு மார்க்குக்கு படிச்ச பேரு, அந்த ஆளுக்கு இந்தக் குளிர்ல சாக ஒரு பொண்ணு இருந்தான்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். பொண்ணைக் கூட்டிட்டு வந்த எனக்கு அங்க கொஞ்ச நேரம் பேச்சே வரல.

அவரு 1822ல கட்ட ஆரம்பிச்ச கல் பங்களாதான் இப்ப ஆர்ட்ஸ் காலேஜ். நான் பிகாம் படிச்சதே அந்த காலேஜ்லதாங்க! மூணு வருஷம் அந்த வளாகத்துல சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உக்காந்தவளுக்கு அது ஊர்லயே முதல் வீடுன்னு உறைக்கவே இல்ல, அரியர் மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

அடுத்த புதன் ஊட்டிக்குப் பக்கத்துல இருக்கிற முத்தோரை. அந்தப் பக்கம் பஸ்ல போகும்போதெல்லாம் சரிவுல நீளமா ஒரு கம்பி அமைப்பு தெரியும், என் வீட்டுக்காரர் பொண்ணு சின்னதா இருக்கும்போது அது ராட்சசன் துணி காயப்போடுற கொடின்னு சொல்லி வெச்சிருந்தாரு. அது ரேடியோ டெலஸ்கோப், வானத்துல இருந்து வர்ற ரேடியோ அலைகளைப் பிடிக்கிற கருவி. விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில கட்டி 1970ல இருந்து வேலை செய்யுது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். இதை ஏன் ஊட்டியில கொண்டாந்து வெச்சாங்கன்னு என் பொண்ணு, ஒன்பதாவது படிக்கிறா, ரோட்டோரம் நின்னு எனக்கு கிளாஸ் எடுத்தா. நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு வடக்க 11 டிகிரியில இருக்கு, அந்த மலைச்சரிவும் கிட்டத்தட்ட அதே 11 டிகிரி சாய்வு, அதனால சரிவு மேல வடக்கு தெற்கா நீட்டி வெச்சா அதோட அச்சு பூமி சுத்துற அச்சுக்கு இணையா வந்துடுது, அப்புறம் அந்த ஒரே அச்சுல திருப்பினா போதும், வானத்துல ஒரு நட்சத்திரத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல விடாம பின்தொடரலாம். எவ்வளவு பெரிய மூளைங்க! நாங்க இத்தனை நாளா அந்தச் சரிவைப் பாத்து இங்க கேரட் போட்டா தண்ணி நிக்காதேன்னுதான் பேசியிருக்கோம். அன்னிக்கு மழை தூறிட்டே இருந்துச்சு, பாலாடாவுல கேரட் கழுவுற இடத்துல ஒருத்தர் ரெண்டு கை நிறைய கேரட் கொடுத்தாரு, காசு வாங்கல. சீசன்ல இது நடக்குமா சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் மனசுக்கு உறுத்தலா இருந்துச்சு. பொட்டானிக்கல் கார்டன் மேல தோடர் மந்து, அதான் தோடர் பழங்குடிங்க குடியிருப்பு, இருக்கில்ல, அங்கயும் போனோம். நாங்களும் எல்லாரையும் போலவே அந்த அரைவட்டக் கூரை வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கப் போனோம், அங்க ஒரு பாட்டி எம்பிராய்டரி போட்டுட்டே நிமிர்ந்து பாத்தாங்க, அவ்வளவுதான், எங்களுக்கு வெக்கமா போயிடுச்சு. எங்க கடைவாசல்ல நின்னு ஒண்ணும் வாங்காம செல்பி எடுக்கிறவங்களை நான் எவ்வளவு திட்டியிருப்பேன். பேசாம கீழ இறங்கிட்டோம். உள்ளூர்க்காரங்கன்னு சொல்லிக்கிறோம், அவங்களுக்கு முன்னாடி நாம எல்லாம் நேத்து வந்தவங்கதானே.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதாங்க. மே மாசம் மட்டும் எங்க ஊரை அட்டையில போடாதீங்க, ஜூலை மழையிலயும் ஒரு ஆளை அனுப்புங்க, இந்தக் கல்லறை, காலேஜ், டெலஸ்கோப் எல்லாம் எங்க பிள்ளைங்க படிக்கிற மாதிரி எழுதுங்க. அப்புறம் கார்டன்ல, ரோஸ் கார்டன்ல எல்லாம் மழை மாசத்துல வாரத்துல ஒரு நாளாவது உள்ளூர் அட்டை காட்டினா டிக்கெட் இல்லாம விடலாம், கூட்டமே இல்லாதப்ப அவங்களுக்கு என்ன நஷ்டம்.

செப்டம்பர்ல ரெண்டாவது சீசன் ஆரம்பிச்சிடும், கடையை விட்டு நகர முடியாது. அதுக்குள்ள ஒரு புதன்கிழமை குன்னூர் வரைக்கும் ட்ரெயின்ல போயிட்டு வரணும்னு பொண்ணு உத்தரவு போட்டிருக்கா. 1908ல இருந்து இந்த ஊருக்கு வர்ற ட்ரெயின், கூவுற சத்தம் கேட்டே கடையில மணி பாப்பேன், நான் இன்னும் ஒரு தடவை கூட ஏறினதில்லைங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காந்தல், ஊட்டி.