எஸ்தருக்கு, சத்துவாச்சாரியிலிருந்து

சத்துவாச்சாரி, வேலூர்
7.12.2025, ஞாயிறு

அன்புள்ள எஸ்தர்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. எட்டுப் பக்கம்! எல்லாரும் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி பேசி அனுப்பிவிடும் காலத்தில் நீ உட்கார்ந்து கையால் எழுதியிருக்கிறாய். மூன்று முறை படித்துவிட்டேன். நானும் கையால்தான் பதில் எழுதுவது என்று இன்றைக்கு ஒரு பிளவுஸ் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. தை வந்தால் அம்மா போய் ஒரு வருடம். காரியம் முடிந்த கையோடு அண்ணன் என்னைக் குடியாத்தத்துக்கே வந்துவிடச் சொன்னான். கீழ் அறையை ஒழித்துத் தருகிறேன் என்றான். நான் மாட்டேன் என்றதும் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் எங்கேயோ ஓர் இல்லம் இருக்கிறதாம், சுத்தமாக வைத்திருக்கிறார்களாம், போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ராத்திரி நான் தனியாக விழுந்து கிடந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவனுக்கு. ஆனால் என் ஆரி எம்பிராய்டரி ஸ்டாண்டு இங்கே இருக்கிறது, என்னிடம் கல்யாண பிளவுஸ் கொடுக்கிறவர்கள் எல்லாம் இந்த நாலு தெருவில் இருக்கிறார்கள். எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்று இத்தனை வயதுக்கு மேல் இன்னொருவரைக் கேட்டு இருக்க என்னால் முடியாது. அதனால் இங்கேயே இருக்கிறேன். செல்வி அக்கா காலையில் ஆறு மணியிலிருந்து எட்டு வரை வருகிறார், சாயங்காலம் ஒரு மணி நேரம். மாதம் 5,500 ரூபாய் கொடுக்கிறேன். மாற்றுத் திறனாளிகளுக்கு அரசாங்கம் தரும் பராமரிப்பு உதவித்தொகை எனக்கு மாதம் 2,000 வருகிறது. 2023 ஜனவரிக்கு முன் அது 1,500-ஆக இருந்தது. மீதியை ஊசிதான் சம்பாதிக்கிறது.

உன் மகன் டேனியலுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்பதையே நம்ப முடியவில்லை. அவனைத் தூக்கி எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பிட வைப்பதற்கு இப்போது உனக்கே அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். கலிபோர்னியாவில் மாவட்டத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து, குளிக்க இத்தனை, உடை மாற்ற இத்தனை, சமையலுக்கு இத்தனை என்று வேலைவாரியாக நேரம் குறித்து மாதக் கணக்குப் போடுவார் என்றும், மாதத்துக்கு 283 மணி நேரம் வரை போகலாம் என்றும் எழுதியிருந்தாய். உதவிக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை நிறுத்துவது என்பதை உதவி பெறுகிறவர்தான் முடிவு செய்வார் என்றும். எஸ்தர், உண்மையாகச் சொல்கிறேன், அதைப் படித்ததும் எனக்கு அம்மா நினைவுதான் வந்தது.

இருபத்துநாலு வருடம் என் அம்மா எத்தனை மணி நேரம் வேலை செய்தாள்? யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. நான் மாடியிலிருந்து விழுந்த 2001-இல் அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ராத்திரி இரண்டு முறை எழுந்து என்னைத் திருப்பிப் படுக்கவைப்பாள், அதனால்தான் எனக்குப் படுக்கைப்புண் பெரிதாக வந்ததே இல்லை. ஊரில் எல்லாரும் என்னைப் பார்த்து, “கலை எவ்வளவு தைரியமாகத் தன் காலில் நிற்கிறாள்” என்பார்கள். நான் நின்றது அம்மாவின் முதுகில். நம் பக்கத்தில் இந்தக் கணக்கு எந்த அதிகாரி கண்ணிலும் படாததற்குக் காரணம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அம்மாவோ அக்காவோ மனைவியோ அதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

மாற்றுத் திறனாளிகள் தங்கள் விருப்பப்படி வாழ்வதற்காக உன் மாநிலத்தில் இருக்கும் கவுன்சிலின் கூட்டத்தில் நீ மூன்று நிமிடம் பேசியதைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்குக் கை நடுங்கியது என்பதை நான் நம்புகிறேன், பள்ளியில் பேச்சுப்போட்டிக்கே நீ அழுதவள்தான். அந்தக் கவுன்சில் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் அதிகம் பேசப்போகிறேன். யாழினியிடம், அண்ணன் மகள்தான், சட்டம் படிக்கிறாள், அது என்ன என்று கேட்டேன். அவள் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் அச்செடுத்து வந்து உட்கார்ந்து விளக்கினாள்.

அவள் சொன்னதை வைத்து எனக்குப் புரிந்தது இவ்வளவு. 1992-இல் அமெரிக்காவில் சட்டத்தைத் திருத்தி மாநிலத்துக்கு ஒரு கவுன்சில் வைத்தார்கள். உறுப்பினர்களை ஆளுநர் நியமிப்பார். ஆனால் அவர்களில் பாதிக்கு மேல் மாற்றுத் திறனாளிகளாக இருக்க வேண்டும். அந்தப் பாதிக்கு மேற்பட்டவர்கள் அரசுத் துறையிலோ, உதவி செய்யும் மையங்களிலோ சம்பளம் வாங்குகிறவர்களாகவும் இருக்கக் கூடாது. மூன்று வருடத்துக்கு ஒரு திட்டம் எழுத வேண்டும். பணம் எங்கே போகும், எந்த ஊரில் மையம் இல்லை, யாருக்கு உதவி போய்ச் சேரவில்லை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். எழுதுவதற்கு முன் பொதுமக்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், நீ பேசியது அங்கேதான். கவுன்சில் தலைவர் கையெழுத்து, மையங்களின் இயக்குநர்களில் 51 சதவீதம் பேரின் கையெழுத்து, அரசுத் தரப்பின் கையெழுத்து, மூன்றும் இல்லாமல் திட்டம் நகராது. யாழினி இந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டாள். பெயர் ஆலோசனைக் குழுதான், ஆனால் அவர்கள் கையெழுத்து இல்லாமல் காகிதம் மேலே போகாது என்றால் அது வெறும் ஆலோசனை இல்லை, அத்தை என்றாள்.

சரி, நம் பக்கத்துக்கு வருகிறேன். நம்மிடமும் குழு இருக்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் பற்றிய 2016 சட்டத்தின் 66-ஆம் பிரிவு மாநில ஆலோசனை வாரியம் வைக்கச் சொல்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். தலைவர், துறையின் அமைச்சர். துறைச் செயலாளர்கள் பெரிய வரிசை, சட்டமன்ற உறுப்பினர்கள் மூன்று பேர், நிபுணர்கள் ஐந்து பேர், மாவட்டங்களின் சார்பில் சுழற்சி முறையில் ஐந்து பேர். அமைப்புகளின் சார்பில் பத்துப் பேர். அவர்கள் “இயன்றவரை” மாற்றுத் திறனாளிகளாக இருக்க வேண்டும், அவர்களில் குறைந்தது ஐந்து பேர் பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரில் தலா ஒருவராவது வேண்டும். பெண்கள் பாதி என்று எழுதி வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் எண்ணிப் பார். மேஜையைச் சுற்றி உட்காருகிறவர்களில் நம்மைப் போன்றவர்கள் பாதி வருவதற்கு வழியில்லை. அரசுக்கு ஆலோசனை சொல்லும் வாரியத்துக்கு அமைச்சரே தலைவர் என்றால், அரசு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல ஆகிவிடாதா? அமைச்சர் இருந்தால் காரியம் சீக்கிரம் நடக்கும் என்று யாழினி ஒரு வாதம் வைத்தாள். அதுவும் உண்மைதான். ஆனாலும் பாதி நாற்காலி நம்முடையதாக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அலுவலகத்தில் மாற்றுத் திறனாளிகளிடம் கருத்துக் கேட்பதற்குக் கூட்டம் போட்டார்கள். காலை பத்து மணி. பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டுமானால் நான் நாலரைக்கு எழ வேண்டும். மலம் கழிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகும், உனக்குத் தெரியும். முந்தின ராத்திரி எட்டு மணியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன், போகிற இடத்தில் டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்க இடம் இருக்குமோ இருக்காதோ என்று. கூட்டம் மாடியில். லிஃப்ட் இல்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் வீல்சேரோடு என்னைத் தூக்கினார்கள், நடுப்படியில் ஒருவர் கை வழுக்கியது. கழிவறைக் கதவு வீல்சேரைவிடக் குறுகல். சரி, வந்தாயிற்று என்று உட்கார்ந்தேன். வரிசையாகக் கேட்டார்கள். ஸ்கூட்டர் வேண்டும், பெட்டிக்கடை வைக்க இடம் வேண்டும், வீட்டு மனை வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள், எல்லாம் நியாயமான தேவை. என் முறை வந்ததும், “காலையில் என்னை எழுப்பிவிட ஒருவர் வேண்டும்” என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, “அது எந்தத் திட்டத்துல வரும்மா?” என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். அவர் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆனால் சட்டத்தில் கட்டம் இருக்கிறது, எஸ்தர்! அதே 2016 சட்டம், 5-ஆம் பிரிவு. மாற்றுத் திறனாளிக்குச் சமூகத்துக்குள் வாழ உரிமை உண்டு, இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டிலேயே கிடைக்கும் உதவிகளும் தனி உதவியாளரும் கிடைக்க அரசு முயல வேண்டும் என்று இருக்கிறது. யாழினி படித்துக் காட்டியபோது அண்ணனும் பக்கத்தில் இருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்து குளியலறையில் கைப்பிடிக் கம்பியை இறுக்கிவிட்டுப் போனான்.

அந்தக் கூட்டத்தை நடத்தியவர்களில் ஒரே ஒருவர் வீல்சேரில் இருந்திருந்தால் மாடியில் வைத்திருக்க மாட்டார்கள். பாதிப்பேர் இருந்திருந்தால் படிவத்தில் அந்தக் கட்டமும் இருந்திருக்கும்.

உங்கள் ஊர்க்காரர் எட் ராபர்ட்ஸ் கதையையும் யாழினி சொன்னாள். பதினாலு வயதில் போலியோ, ராத்திரியில் மூச்சுவிட உதவும் இரும்பு நுரையீரல் பெட்டிக்குள் தூக்கம். 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது தங்குவதற்கு வளாகத்து மருத்துவமனையில்தான் இடம் கிடைத்தது. இவரால் வேலைக்கே போக முடியாது என்று எழுதிவிட்ட மறுவாழ்வுத் துறைக்குப் பிற்பாடு அவரே இயக்குநரானார். அவரும் நண்பர்களும் 1972-இல் பெர்க்லியில் தொடங்கிய மையத்தைப் பார்த்துத்தான் நாடு முழுக்க மையங்கள் வந்தன.

எனக்கு அவரைவிட நெருக்கமாகத் தெரிவது நம் டாக்டர் மேரி வர்கீஸ்தான். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய், வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். பாகாயத்தில் 1966-இல் ரிஹாப், அதாவது மறுவாழ்வு மையம், வந்தது அவரால். நான் அங்கே மாதக்கணக்கில் கிடந்து கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறக் கற்றபோது அவர் காலமாகிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் கதவு அகலமாக இருந்தது, கை எட்டும் உயரத்தில் சுவிட்ச் இருந்தது. வீல்சேரில் இருந்த ஒருவர் பொறுப்பில் இருந்த இடம் அது என்று தெரிந்தது.

இன்னொன்று. உங்கள் கவுன்சிலும் மையங்களும் சொல்லும் ‘இன்டிபென்டென்ட் லிவிங்’ என்பதைத் தமிழில் ‘சுயசார்பு வாழ்க்கை’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு ஒத்துவரவில்லை. எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது என்று அர்த்தம் வந்துவிடுகிறது. நானே குளித்து உடுத்த ஒன்றரை மணி நேரம் ஆகும், முடித்ததும் தோள் வலியில் ஊசி பிடிக்க முடியாது. செல்வி அக்கா இருந்தால் இருபது நிமிடம். எட்டரைக்கு ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டிவிடுவேன். எந்த நாள் நான் என் விருப்பப்படி வாழ்ந்த நாள்? யாரை வைத்துக்கொள்வது, எப்போது வரச் சொல்வது என்பது என் முடிவாக இருந்தால் போதும், வேலையை யார் கை செய்தால் என்ன.

நல்ல செய்தியும் இருக்கிறது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளிகளை நியமன உறுப்பினராக வைக்க இந்த வருடம் இங்கே சட்டத்தைத் திருத்தினார்கள், கிராம ஊராட்சி வரைக்கும். இது பெரிய காரியம். தெரு விளக்கும் சாக்கடை மூடியும் தீர்மானமாகிற இடம் அதுதானே. விண்ணப்பம் போடச் சொல்லி ரிஹாபில் பழகிய ஒருவர் போன் செய்தார். அம்மா போன துக்கத்திலிருந்து நான் எழுந்திருக்கவில்லை, விட்டுவிட்டேன். அடுத்த முறை விடமாட்டேன்.

அதுவரைக்கும் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். இந்த வருடம் மாற்றுத் திறனாளிகள் தினமும் கார்த்திகை தீபமும் ஒரே நாளில் வந்தன, டிசம்பர் 3. வாசலில் அகல் வைக்கச் செல்வி அக்கா வந்தபோது ஒரு நோட்டு வாங்கிவரச் சொன்னேன். அன்றிலிருந்து எழுதுகிறேன்: எழுப்ப எட்டு நிமிடம், குளிக்க இருபது, தண்ணீர் பிடித்து வைக்கப் பத்து, ராத்திரி திருப்பிவிட ஆள் இல்லாததால் நானே அலாரம் வைத்து எழுந்தது இரண்டு முறை. ஒரு மாதம் எழுதிவிட்டு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனுவோடு கொடுக்கப்போகிறேன். சட்டப்படி மாவட்டத்துக்கும் ஒரு குழு உண்டு. இந்தக் கணக்கை அந்தக் குழுவில் வைக்க வேண்டும், கூட்டத்தைத் தரைத்தளத்தில் பதினொன்றரைக்கு மேல் வைக்க வேண்டும் என்று கேட்பேன். திருப்பத்தூர், ராணிப்பேட்டை பிரிந்த பிறகு நம் மாவட்டம் சின்னதாகிவிட்டது, என்னைப் போல எத்தனை பேர் என்று வீடு வீடாக எண்ணுவது முடியாத காரியமில்லை. கலெக்டர் அலுவலகம் நம் சத்துவாச்சாரியிலேயே இருப்பதால் ஸ்கூட்டரில் நானே போய்விடுவேன்.

அதற்கு உன் உதவி வேண்டும். டேனியலுக்கு நேரம் குறித்தார்களே, அந்தத் தாளில் என்னென்ன வேலைகள் தலைப்பாக இருந்தன என்று வரிசையாக எழுதி அனுப்பு. நான் மறந்துவிட்டவை அதில் இருக்கும். கவுன்சிலின் திட்டத்தில் உதவியாளர்கள் பற்றி ஏதாவது வந்தால் அதையும் அனுப்பு, யாழினி மொழிபெயர்த்துத் தருவாள்.

காட்பாடிக்குப் போயிருந்தேன், உன் அம்மா நன்றாக இருக்கிறார்கள். எனக்குப் பிடிக்கும் என்று இலவம்பாடி முள் கத்தரிக்காய் கட்டிக் கொடுத்தார்கள். முழங்கால் வலிக்கு மருந்து மாற்றியிருக்கிறார்களாம், நீ போனில் கேள்.

பொங்கலுக்குச் செல்வி அக்கா நாலு நாள் ஊருக்குப் போகிறார். போகட்டும், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நாலு நாளும் எனக்கு எப்படிப் போகிறது என்பதையும் நிமிடம் விடாமல் நோட்டில் எழுதி வைக்கிறேன்.

அன்புடன்,
கலைச்செல்வி