எம்.ஜி.ன்னா ஆர் எங்க?

காலடிப்பேட்டை, திருவொற்றியூர்
ஞாயிறு மத்தியானம்

டேய் மச்சான்,

முட்டி வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை வாங்கி அலமாரியில் வைத்ததோடு சரியா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி யுகேஜி போகிறாள், என்னை மதிப்பதில்லை.

வேறொரு வண்டியின் மேல் பழைய எம்.ஜி. காரின் உருவத்தை நான் கட்டிக்கொண்டிருப்பதைப் பற்றிப் போன வாரம் போனில் ஒன்று சொன்னாயே, "ஒரிஜினல் வாங்க வக்கில்லாதவன்தான் டூப்ளிகேட் செய்வான்" என்று, அது இன்னும் காதிலேயே நிற்கிறது. கோபமெல்லாம் இல்லை. போனில் பதில் சொன்னால் பாதியில் கத்த ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். டூப்ளிகேட் செய்யத்தான்டா நானும் ஆசைப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ரெண்டரை வருஷமாக அது ஒன்றுதான் முடியவில்லை.

பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் அந்த ஆங்கிலோ இந்தியர் வைத்திருந்த சிவப்பு வண்டி ஞாபகம் இருக்கிறதா? ஸ்டெப்னி பின்னால் வெளியே நிற்கும், கதவு முன்பக்கமாக வாய் பிளக்கும், மூக்கு நீட்டிக்கொண்டு நெட்டுக்குத்தான ரேடியேட்டர் கிரில். அது எம்.ஜி. டி.டி. என்கிற ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். 1950 முதல் 53 வரை இங்கிலாந்தில் அபிங்டனில் கட்டியது, ஏறக்குறைய 30,000 வண்டிதான், அதிலும் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டன. இன்றைக்கு நம்ம ஊரில் ஒன்று விலைக்கு வந்தால் நான் வீட்டை விற்க வேண்டும், வீடு என் பெயரில் இல்லை.

வெளிநாட்டில் இப்படிச் சொந்தமாக வண்டி கட்டுவது ஒரு குடிசைத் தொழில் மாதிரி. லோட்டஸ் செவன் என்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கிய சாப்மன் 1957இல் பெட்டியில் போட்டு உதிரியாக விற்றாராம், உதிரியாக வாங்கினால் வரி கிடையாது. மாட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து "கீழிருந்து மேலே படி" என்றாராம். கதையோ நிஜமோ, கேட்க நன்றாக இருக்கிறது. எம்.ஜி. உடம்பை ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் அடித்தட்டு மேல் உட்கார வைத்தவர்கள் அமெரிக்காவில் நிறைய. பீட்டிலுக்கு இன்ஜின் பின்னால். முன்னால் அவ்வளவு நீள மூக்கு, திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. அதைத்தான் நான் டூப்ளிகேட் என்பேன். நம்ம நாட்டிலேயே மும்பைப் பக்கம் சின்காரா கம்பெனி, அம்பாசிடருக்குப் போட்ட இசுசு 1.8 இன்ஜினை வைத்து லோட்டஸ் செவன் சாயலில் ஒரு வண்டி கட்டியது. அட, உங்க கோவைக் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை எடுத்து ஃபார்முலா மாருதி ரேஸ் காரைக் கட்டினாரே, அவரைப் போய் டூப்ளிகேட் என்று சொல்லேன் பார்க்கலாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எந்த வண்டியை அறுப்பது என்பதிலேயே நாலு மாசம் போனது. மாருதி 800 புதுப்பேட்டையில் கொட்டிக்கிடக்கிறது, ஆனால் இன்ஜின் குறுக்கே படுத்திருக்கும், இழுப்பதும் முன்சக்கரம். அதைவிடப் பெரிய தொல்லை, இந்தக் காலத்து வண்டிகளில் பாடிதான் சேஸ், தனியாக அடிச்சட்டம் கிடையாது. பாடியைக் கழற்றினால் மிச்சம் இருப்பது நாலு சக்கரமும் ஒரு பெருமூச்சும்தான். ஆம்னியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில். கடைசியில் மாருதி ஜிப்சி ஜீப். ஏணி மாதிரி தனி சேஸ், இன்ஜின் முன்னால் நேராக நிற்கிறது, பின்சக்கரம் தள்ளுகிறது, 1298 சிசி, 80 குதிரை. டி.டி.க்கு 1250 சிசி, குதிரை அறுபதுகூட இல்லை. அப்புறம் அளந்து பார்த்தேனா, டி.டி.யின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 94 அங்குலம், அதாவது 2388 மில்லிமீட்டர். ஜிப்சிக்கு 2375. வெறும் 13 மில்லி வித்தியாசம்! ஜாதகம் பொருந்திவிட்டது என்று குதித்தேன். பத்தில் அந்த ஒரு பொருத்தம்தான் என்று தாலி கட்டிய பிறகுதான் தெரிந்தது.

லாரி சாய்ந்து தலை நசுங்கிய 2004 மாடல் கிடைத்தது. வெல்டிங் தம்பி அதற்குக் "கர்ணன்" என்று பெயர் வைத்துவிட்டான், எல்லாவற்றையும் அறுத்துக் கொடுக்கிறதாம்.

கர்ணன் கொடுத்தான், ஆனால் தன் இஷ்டத்துக்குத்தான் கொடுத்தான். முதலில் உயரம். ஜிப்சி மலையேறுகிற சாதி. அந்தச் சேஸ் மேல் தாழ்ந்த பாடியை வைத்துப் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் நடக்கிற ஆள் மாதிரி இருந்தது. கமான் ஸ்பிரிங் பட்டையில் ரெண்டைக் கழற்றினோம், மிச்சத்தின் வளைவைக் குறைத்தோம், அப்படியும் ஒரு சாண் உயரம் அதிகம்தான். அடுத்து மூக்கு. டி.டி.யின் பானெட் முன்னால் போகப் போகக் குறுகும், ஜிப்சி ரேடியேட்டரோ அகலம். கிரிலுக்குள் அடங்குகிற மாதிரி ஒல்லியாக, உயரமாக, தடிமனாக ஒரு ரேடியேட்டர் கட்ட வைத்தேன், அதற்கே ரெண்டு மாசம். பானெட் நீளமாகத் தெரிய வேண்டும் என்று ஃபயர்வாலை, அதாவது இன்ஜினுக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கும் தகட்டை, பின்னுக்குத் தள்ளினால் ஆளும் பின்னுக்குப் போகிறான், கியர் ராடு மட்டும் பழைய இடத்திலேயே டேஷ்போர்டுக்கு அடியில் நிற்கிறது. லேத்தில் கொடுத்து ஆட்டுக்கொம்பு மாதிரி வளைத்து வாங்கினேன். முன்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்து அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸ் பெட்டியைக் கழற்றிவிட்டால் எடை குறையுமே என்று நீ கேட்பாய். ஹை கியரிலும் அந்தப் பெட்டி வேகத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் பின்னால் அனுப்புகிறது. அதை எடுத்துவிட்டால் கிளம்பும்போது இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். அதனால் இருக்கட்டும் என்று விட்டேன், அதன் ஊளைச் சத்தத்தோடு.

பிரேக்? டி.டி.க்கு நாலும் டிரம். ஜிப்சிக்கு முன்னால் டிஸ்க். நான் டிஸ்க்கை விட்டுக்கொடுக்கவில்லை. சீட் பெல்ட்டும் போட்டுவிட்டேன், அதுவும் டி.டி.யில் கிடையாது. பார்த்தாயா, டூப்ளிகேட் எங்கே போகிறது என்று.

ஆனால் நான் படித்த பெரிய பாடம் பாடியில்தான். நம்ம ஃபைபர் போட் அண்ணனைச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, சுனாமிக்குப் பிறகு குப்பம் குப்பமாக ஃபைபர் போட் கொடுத்தபோது இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவரிடம் போவதற்கு முன்னால் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். முன் மட்கார்டின் உருவத்தைத் தெர்மோகோலில் செதுக்கினேன், மூன்று வாரம், உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து யானைத் தும்பிக்கை மாதிரி வழவழவென்று கொண்டுவந்தேன். அதன் மேல் ஃபைபருக்குப் போடுகிற ரெசினைப் பிரஷ்ஷால் தடவினேன். முதலில் சத்தமே இல்லை. அப்புறம் சோடா மூடி திறந்த மாதிரி ஒரு 'ஸ்ஸ்' கேட்டது. என் கண் முன்னாலேயே அந்த வளைவு உள்வாங்கி, குழி விழுந்து, அஞ்சு நிமிஷத்தில் பிசுபிசுவென்று ஒரு கூழ். அடுத்த நாள் போட் அண்ணனிடம் காட்டினேன். ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ரெசின்ல ஸ்டைரீன் கீது, தெர்மோகோலும் அதே ஜாதி, தின்னாம இன்னா பண்ணும்?" என்றார். பாலிடெக்னிக்கில் எனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தவர் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் கோழி வலையை வளைத்து அதன் மேல் பாரிஸ் பிளாஸ்டர் பூசி உருவம் செய்தோம். பட்டி, வாக்ஸ், அச்சு எடுத்து, அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு, அது கை ஒட்டாத பதத்துக்கு வந்ததும் கண்ணாடி மேட், ரெசின், இரும்பு ரோலர் வைத்து உருட்டிக் காற்றை விரட்டுவது. காற்றுக் குமிழ் ஒன்று மாட்டிக்கொண்டால் வெயிலில் அது கொப்புளமாகக் கிளம்பும். ரெசின் இறுகுவதற்கு அதில் முதலில் கோபால்ட்டைக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட், ரெண்டையும் நேராகச் சேர்த்தால் தீப்பிடிக்கும் என்று அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். சித்திரை வெயிலில் கலக்கிய டப்பா பத்தே நிமிஷத்தில் கல்லாகிவிடுகிறது, அதனால் விடிகாலை அஞ்சரைக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடிப்போம். அரிப்பைச் சொல்ல மறந்தேன். கண்ணாடி நூல் சட்டைக்குள் போனால் குளித்தாலும் போகாது. என் லுங்கியைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவு.

போட் அண்ணனோடு எனக்கு ஒரே சண்டை கதவு இடுக்கில்தான். கதவுக்கும் பாடிக்கும் நடுவே அஞ்சு மில்லி ஒரே சீராக வேண்டும் என்றேன், மேலே நாலு, கீழே ஒன்பது வந்தது. "கடல்ல எவன் சார் சந்து பாக்கறான், தண்ணி உள்ள வர்லன்னா ஓகே" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான், ஆனால் நான் அந்தக் கதவை மூன்று தடவை அறுத்து ஒட்டினேன். மட்கார்டையும் மூன்று விரல் அகலப்படுத்த வேண்டியிருந்தது. ரெண்டு வண்டிக்கும் 15 அங்குலச் சக்கரம்தான், ஆனால் அந்தக் காலத்து டயர் சைக்கிள் டயருக்கு அண்ணன் மாதிரி ஒல்லி. ஒருநாள் அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த படத்தையே பார்த்துவிட்டு, "எம்.ஜி.ன்னா ஆர் எங்க சார்?" என்று கேட்டார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். என் பேத்திக்கோ எம்.ஜி. என்றால் இந்தக் காலத்து ஹெக்டர் கார். அன்றைக்கே முடிவு செய்தேன், எம்.ஜி. கம்பெனியின் அந்த எட்டு மூலை பேட்ஜ் இந்த வண்டிக்கு வேண்டாம்.

நடுவில் 2023 டிசம்பர் புயல். ஷெட்டுக்குள் முழங்கால் தண்ணீர். இன்ஜின் ஸ்டாண்டில் இருந்ததால் தப்பித்தது, கியர்பாக்ஸ் தரையில் இருந்தது, அதைப் பற்றி எழுத வேண்டாம். அதே வாரம்தான் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. குப்பத்துப் போட்டெல்லாம் தார் பூசின மாதிரி வந்து நின்றன, அண்ணனுக்கு அதைச் சுரண்டுவதே வேலையாகிவிட்டது. அந்த நேரத்தில் என் பானெட்டைப் பற்றிக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. இங்கே கடல் காற்று வேறு. சாயங்காலம் தேய்த்து வெள்ளியாக வைத்த சேஸ் காலையில் டீத்தூள் தூவின மாதிரி நிற்கும். ரெட் ஆக்சைடு அடிக்காமல் ஒரு ராத்திரிகூட விடக் கூடாது.

வயரிங் என் தப்பு. அவசரத்தில் அடையாளம் போடாமல் நறுக்கிவிட்டேன். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி, இன்ஜினை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டரான ஈசிஎம் பெட்டிக்குப் போகும் வயரில் ரெண்டு நிறம் ஒரே மாதிரி. மகள் லீவில் வந்து நாலு நாள் மல்டிமீட்டரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பேர் எழுதி ஒட்டினாள். 1950 வண்டிக்கு வயரிங் படம் அரைப் பக்கத்தில் அடங்கும் என்று சொன்னேன். "அப்ப அந்த இன்ஜினையே போட்டிருக்கலாமே" என்றாள்.

நீ கேட்கப் போகிற கடைசிக் கேள்வி எனக்குத் தெரியும். ரோட்டில் ஓட்டுவாயா? மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. 2021இல் வந்த விண்டேஜ் விதி ஐம்பது வருஷம் தாண்டிய நிஜ வண்டிக்கு, வேஷம் போட்டதற்கு இல்லை. இங்கிலாந்தில் இப்படிக் கட்டிய வண்டியை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து, வயசு சொல்ல முடியாததற்குக் 'கியூ' எழுத்தில் நம்பர் கொடுத்து ரோட்டில் விடுகிறார்கள். இங்கே அப்படி ஒரு வழி இருந்தால் நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். ஒரு புரோக்கர் வந்தார், "ஜிப்சி ஆர்.சி.யிலேயே ஓட்டிக்கலாம் சார், யார் பாக்கறா" என்று. ஆர்.சி.யை ஏற்கெனவே கேன்சல் செய்துவிட்டேன். காகிதத்தில் கர்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஆனால் ஓட்டினேன்டா. மணலிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் கன்டெய்னர் யார்டு, ஞாயிற்றுக்கிழமை லாரி வராது. கேட்டைப் பூட்டிக்கொண்டு, போன ஞாயிறு காலை ஆறரைக்கு. பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை, பாதி சாம்பல் ஜெல்கோட், பாதி பட்டி, ஒரு மட்கார்டில் மட்டும் அண்ணனிடம் மிச்சமிருந்த போட் நீலம். கண்ணாடியை மடித்துப் போட்டு மூன்றாவது கியர் வரை. மூக்கு நீளமாக முன்னால் போகிறது, ரெண்டு மட்கார்டும் நம் பார்வையிலேயே ஏறி இறங்குகின்றன, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஊளையிடுகிறது, மணலிக் காற்று மூக்கில் ஏறுகிறது. பெரம்பூர்ச் சிவப்பு வண்டி ஞாபகத்துக்கே வரவில்லை. நாம் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்த சோழவரம் கார் ரேஸ்தான் ஞாபகம் வந்தது. அந்தப் போர்க்கால விமான ஓடுதளத்தில், ஃபியட் இன்ஜினையும் ஹெரால்டு இன்ஜினையும் குழாய்ச் சட்டத்தில் கட்டி, பேரே இல்லாத வண்டியில் வந்து நிற்பார்களே, நீகூட ஒருவரிடம் "இது என்ன கார் சார்?" என்று கேட்டு, அவர் "என் கார்" என்றாரே.

கிரிலின் வெளிச் சட்டம்தான் இன்னும் பாக்கி. ஃபைபரில் செய்து குரோம் ஸ்டிக்கர் ஒட்ட மனசில்லை, அலுமினியத்தில் வார்த்துப் பாலிஷ் போட வேண்டும். உனக்குத்தான் அங்கே பவுண்டரியில் ஆள் இருக்கிறதே. வார்ப்புக்கு வேண்டிய மாதிரியை மரத்தில் நானே செய்துவிட்டேன், அலுமினியம் ஆறும்போது சுருங்குமே, அதற்கு ஒன்றேகால் சதவீதம் கூட்டியிருக்கிறேன், சரியா என்று பார்த்துச் சொல். புதன்கிழமை பார்சல் போடுகிறேன். பேட்ஜ் வரும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், அங்கே உன் வார்ப்பு ஆள் எதையாவது பொறித்துவிடப் போகிறார், வேண்டாம் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்சு